சிற்றுயிரும் சிறுபொழுதும்

"நாய்க்குட்டியின் வாந்தியைப் பற்றித் தமிழ்ச் சங்க இதழில் ஒரு கட்டுரையா?" என்று நண்பர்களிற் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும். விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை எடுத்துத் தங்கியிருப்போர் நம்மிற் பலர். ஆசைக்கு ஒரு குட்டி நாயை வாங்கி வளர்ப்போரும், வீட்டுக்காரர் வளர்க்கும் நாய்க்கு அவ்வப்போது காவலாய் இருப்போரும் அவர்களுள் உண்டு. என்றேனும் ஒருநாள் நள்ளிரவில் இக்கட்டுரை அவர்களுக்குப் பயன்படும். அன்றியும், இந்தப் பொருளில் நான் ஒரு பெருந்தவறு செய்தேன். அதே தவற்றைப் பிறர் செய்யாதிருத்தல் வேண்டும் என்பதே இதை எழுதுவதன் நோக்கம்.

சந்தாபுராவில் ஓர் இரவு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருவது சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊர். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வாழ்கின்றன. நான் தங்கியிருப்பதும் இங்கே ஒரு மாடி அறையில்தான். கீழ்வீட்டு அக்கா கன்னடத்தவர். அவர் ஒரு பாமரேனியன் குட்டியை வாங்கி வந்தார். வயது ஒன்பது வாரம். எடை ஒரு கிலோ இருநூறு கிராம். அதற்குப் 'புட்டி' என்று பெயரிட்டார். கன்னடத்தில் 'சின்னஞ்சிறு பெண்' என்பது அதன் பொருள். நம் காதுக்கோ அது வேறுவிதமாக ஒலிக்கும். அதை வைத்து நாங்கள் செய்த கேலிகளை ஈண்டு எழுதுதல் முறையன்று.

அக்கா ஒரு திருமணத்திற்காகக் கோலாருக்குச் சென்றபோது, இரண்டு நாள் பார்த்துக்கொள்ளும்படி புட்டியை என்னிடம் விட்டுச் சென்றார். அன்பு மிகுதியால் முதல் நாட்காலையிலேயே அதற்கு ஒரு கிண்ணம் பசும்பால் ஊற்றினேன். நண்பகலில் தின்றதை அது மாலையில் கக்கியது. ஏழு மணிக்கு மீண்டும் ஒரு முறை மஞ்சள் நீராகக் கக்கியது. "வாந்தி எடுத்த நாயை ஒரு நாள் பட்டினி போட்டால் தானே சரியாகும்" என்று சிறுவயதில் எங்கள் ஊரில் கேட்டிருந்தேன். அவ்வாறே செய்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நல்லதைச் செய்தோம் என்ற நிறைவோடு உறங்கிவிட்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு விழித்துப் பார்த்தால் புட்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. உடல் குளிர்ந்திருக்கிறது. கால்கள் நடுங்குகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் தலையைத் தூக்க முயன்று முடியாமல் கீழே போடுகிறது. கால்நடை மருத்துவம் பயிலும் பள்ளித் தோழன் ஒருவனைத் தொலைபேசியில் எழுப்பினேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை முறை வாந்தி?" என்பதன்று, "கடைசியாக எப்போது சாப்பிட்டது?" என்பதே. பதில் சொன்னேன். "தேன் இருக்கிறதா? விரலில் தொட்டு ஈறில் தடவு. வாயில் ஊற்றாதே, மூச்சுக் குழலுக்குப் போய்விடும். துணியில் சுற்றிக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடு" என்றான்.

சிறிய உடலின் கணக்கு

நண்பர்களே, நான் உயிர்வேதியியல் பயிலும் முதுகலை மாணவன். கல்லீரல் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைப்பதையும், பட்டினிக் காலத்தில் அதைக் கரைத்து இரத்தத்திற்கு அனுப்புவதையும் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன். அந்த அறிவு அன்றிரவு தாளிலேயே நின்றுவிட்டது. அந்தக் கணக்கை இப்போதாவது ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம்.

உடல் சிறுக்கச் சிறுக்க, எடையை நோக்க அதன் மேற்பரப்பு மிகுகிறது. மேற்பரப்பு மிகுந்தால் வெப்ப இழப்பு மிகும். அவ்விழப்பை ஈடு செய்ய எரிபொருள் மிகுதியாக வேண்டும். 1883-ல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ரூப்னர் பல அளவுள்ள நாய்களை ஆராய்ந்து, எடைக்கு எடை பார்த்தால் சிறிய நாயே மிகுதியாக வெப்பத்தைச் செலவிடுகிறது என்று காட்டினார். 1932-ல் மாக்ஸ் கிளைபர் என்பார் இக்கணக்கைத் திருத்தி அமைத்தார். அவர் வகுத்த வழியிலேயே இன்றும் கால்நடை மருத்துவர்கள் நாயின் உணவைக் கணக்கிடுகின்றனர். அதன்படி 30 கிலோ எடையுள்ள நாய் ஓய்வாக இருக்கும்போது ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கலோரி செலவிடும். புட்டியைப் போன்ற 1.2 கிலோ உயிரோ, ஒரு கிலோவுக்குச் சுமார் 67 கலோரி செலவிடும். வளரும் குட்டியாதலால் இதைப்போல் இரு மடங்கு வேண்டியிருக்கும்.

செலவு இப்படி, சேமிப்போ மிகக் குறைவு. குட்டியின் கல்லீரல் சிறியது. தசையும் கொழுப்பும் சொற்பம். உடலோடு ஒப்பிட மூளை மட்டும் பெரியது. அதற்கு வேண்டிய முதல் உணவு சர்க்கரை. நான்கு மாதத்திற்கு உட்பட்ட சிற்றினக் குட்டிகள் சில மணி நேரம் உண்ணாதிருந்தாலே இரத்தச் சர்க்கரை வீழ்ந்து, சோர்ந்து, நடுங்கி, வலிப்புக் கண்டு இறந்துவிடவும் கூடும். வளர்ந்த பெரிய நாய்க்கு ஒரு நாள் பட்டினி ஓய்வு. குட்டிப் பாமரேனியனுக்கு அது நஞ்சு. ஊரில் நான் கேட்ட அறிவுரை பொய்யன்று. அது வேறோர் உடலுக்குச் சொன்னது.

நீரின் கணக்கும் இத்தகையதே. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு நீரை இழந்தால் எவ்வுயிர்க்கும் பேராபத்து. அறுபது கிலோ எடையுள்ள மாணவர் ஆறு லிட்டர் நீரை இழந்தால்தான் அந்நிலைக்கு வருவார். புட்டிக்கோ 120 மில்லிலிட்டர் போதும். அதாவது ஒரு சிறிய டம்ளர் காப்பி. இரண்டு மூன்று வாந்தி, நாலைந்து பேதி, தீர்ந்தது கணக்கு.

நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்: சிற்றுயிர்க்குக் காலமும் சிறியது. நாட்கணக்கில் எண்ணாதீர்கள், மணிக்கணக்கில் எண்ணுங்கள்.

வாந்தி எதனால் வருகிறது?

வாந்தி ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. முதலில் அது வாந்திதானா என்று தெளிய வேண்டும். வயிறு குலுங்கி, உமட்டி, எச்சில் வடித்து வெளித்தள்ளுவது வாந்தி. அவ்வித முயற்சி ஏதுமின்றித் தின்ற உணவு அப்படியே வாய்வழி வழுக்கி வந்து விழுமாயின், அஃது உணவுக்குழலின் கோளாறு. மருத்துவரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்வது பெரிதும் உதவும்.

குட்டிகளுக்கு வாந்தி வரும் காரணங்களுள் பெரும்பாலானவை எளியவை. அவசரமாய் விழுங்குதல், உணவைத் திடீரென மாற்றுதல், வண்டிப் பயணம் ஆகியன இவ்வகை. பசும்பாலும் இதிற் சேரும். தாய்ப்பால் குடி மறந்தபின் குட்டியின் குடலில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். அடுத்தது குடற்புழு. உருண்டைப் புழுவின் இளம் உருவங்கள் தாயின் கருப்பையிலேயே குட்டியைச் சென்றடைகின்றன. எனவே, எவ்வளவு தூய வீட்டில் பிறந்த குட்டிக்கும் புழு இருக்கலாம். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து பூச்சி மருந்து தரச் சொல்வது இதனாலேயே. இப்புழுவின் முட்டைகள் மண்ணிற் கிடந்து நம் குழந்தைகளையும் பற்றுமாதலின், இது நம் நலமும் ஆகும்.

கடுமையான காரணங்களும் உண்டு. மாங்கொட்டை, சோளக் கதிரின் சக்கை, நூல், காலுறை ஆகியவற்றை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளலாம். சாக்லெட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், எலி மருந்து ஆகியவை நாய்க்கு நஞ்சு. 'சர்க்கரை அற்றது' என்று விற்கப்படும் மெல்லும் மிட்டாய்களில் சைலிட்டால் என்னும் இனிப்பு இருக்கலாம். நமக்குத் தீங்கு செய்யாத அது, நாயின் இரத்தச் சர்க்கரையை அரைமணி நேரத்திற்குள்ளாகவே வீழ்த்த வல்லது. இவை எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, பார்வோ என்னும் வைரஸ் நோய்.

பார்வோ

'பார்வுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் 'சிறியது' என்பது பொருள். ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறுதான் இவ்வைரசின் அளவு. 1978-க்கு முன் நாய்களிடையே இந்நோய் இன்னதென்று மருத்துவ உலகம் அறியாது. பூனைகளைப் பற்றும் ஒரு வைரசின் இனத்திலிருந்து மாறித் தோன்றிய இது, ஓரிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் பரவிற்று. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் நாய்களிடம் கண்டறியப்பட்டுவிட்டது.

இவ்வைரசு தானே பெருகும் ஆற்றல் இல்லாதது. விரைந்து பிளந்து பெருகும் உயிரணுக்களின் உள்ளே புகுந்தே தானும் பெருகும். குட்டியின் உடலில் அத்தகைய இடங்கள் இரண்டு: ஒன்று குடலின் உட்சுவர், மற்றொன்று எலும்பு மச்சை. குடற்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுறுப்புகளே உணவை உறிஞ்சுவன. அவற்றின் அணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, அடியிலிருந்து புதியன முளைக்கும். முளைக்கும் இடத்தையே வைரசு அழித்துவிடுவதால் உதிர்ந்தது உதிர்ந்ததுதான், குடல் மொட்டையாகிறது. உணவும் நீரும் ஏறுவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியா இரத்தத்தில் கலக்கிறது. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களோ மச்சையிலேயே மாண்டுவிடுகின்றன. முதல் நாள் சோர்வு. அடுத்து ஓயாத வாந்தி. பின்னர் கெட்ட நாற்றத்துடன் கூடிய இரத்தப் பேதி. மருத்துவமின்றி விட்டால் பத்துக் குட்டிகளில் ஒன்பது இறக்கக்கூடும். உரிய காலத்தில் மருத்துவமனையில் சேர்த்து, நாளத்தில் திரவம் ஏற்றிக் கண்காணித்தால் பத்தில் எட்டோ ஒன்பதோ பிழைக்கும். அந்தப் பெரிய வேறுபாட்டைச் செய்வது நாம் கால்நடை மருத்துவமனைப் படியை மிதிக்கும் நேரம்தான்.

இந்நோயிலும் பட்டினி பற்றிய பழைய கொள்கை மாறிவிட்டது. 2003-ல் வெளியான தென்னாப்பிரிக்க ஆராய்ச்சி ஒன்றில், பார்வோ கண்ட 30 நாய்கள் இரு பிரிவாக்கப்பட்டன. வாந்தி நிற்கும்வரை உணவு தராதது ஒரு பிரிவு. தொடக்கத்திலிருந்தே மூக்கு வழியே குழாய் செலுத்திச் சிறிது சிறிதாக உணவூட்டியது மற்றொன்று. உணவு பெற்றவையே விரைவில் தேறின, எடையும் கூடின. குடற்சுவரும் உணவுண்டு வாழும் ஓர் உயிர்ப்பொருள்தானே!

வீட்டில் செய்யத்தக்கவை

குட்டி ஒரே ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டு, முன்போலவே ஓடி விளையாடுகிறதா? வாலை ஆட்டுகிறதா? அப்படியாயின் பதற வேண்டா. கீழ்க்காண்பவற்றைச் செய்க.

வாந்தியை உடனே துடைத்துவிடாமல் முதலில் உற்றுப் பாருங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம், நிறம், அளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். புழு உண்டா, துணி அல்லது பிளாஸ்டிக்குத் துண்டு உண்டா என்று காணுங்கள். காப்பித் தூள் போன்ற கருந்துகள் இருப்பின் அது வயிற்றில் கசிந்த இரத்தம்.

இரண்டு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம். சிற்றினக் குட்டிக்கு அதற்குமேல் வேண்டா. நீரைக் கிண்ணம் நிறைய வைத்தால் ஒரே மூச்சில் குடித்து மீண்டும் கக்கும். பத்து அல்லது பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி கொடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் இவ்வாறே தரலாம். குடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பும் நீரும் உடன் ஈர்க்கப்படுகின்றன என்பதே அதன் தத்துவம். 1971-ல் வங்க அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் இக்கரைசலைக் கொண்டே காலராவை எதிர்த்து எண்ணற்ற மக்களைக் காத்தார்.

நீர் தங்கினால், குழைய வேகவைத்த சோற்றில், எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழிக்கறியைச் சிறிது பிசைந்து, ஓரிரு தேக்கரண்டி வீதம் இரண்டு மணிக்கு ஒருமுறை ஊட்டுங்கள். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் கூடா. இரண்டு மூன்று நாளில் மெல்ல வழக்கமான உணவுக்குத் திரும்பலாம்.

செய்யத்தகாதவை

நம் அறையில் கிடக்கும் மாத்திரையை நாய்க்குக் கொடுத்தல் ஆகாது. பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும்; இபுபுரூபன் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். வாந்தியை நிறுத்தும் மாத்திரையும் அவ்வாறே. மருத்துவர் அதே மருந்தைத் தருவதுண்டு. ஆயினும், குடலில் அடைப்பு இல்லை என்று தெளிந்து, எடைக்கேற்ப அளந்து தருவார். நாமோ மறைக்கத்தகாத ஓர் அறிகுறியை மறைத்துவிடுவோம். நஞ்சு தின்றுவிட்டது என்று உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பதும் தவறு. அவ்வுப்பே உயிருக்கு உலை வைக்கும்.

எப்போது ஓட வேண்டும்?

இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலும், குடித்த நீரும் தங்காவிட்டாலும் தாமதம் வேண்டா. வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் கண்டாலும், வயிறு உப்பினாலும், ஒன்றும் வெளிவராமல் உமட்டிக்கொண்டே இருந்தாலும், நஞ்சு தின்ற ஐயம் இருந்தாலும் அவ்வாறே. ஈறுகளைப் பாருங்கள். ஈரமாய், இளஞ்சிவப்பாய் இருத்தல் வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெளுத்தும் உலர்ந்தும் ஒட்டினால் காத்திருத்தல் கூடாது. குட்டி துவண்டு நடுங்கினால் ஈறில் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ தடவி, கதகதப்பாய்ச் சுற்றிக்கொண்டு புறப்படுங்கள். தடவியதும் அது எழுந்து நின்றாலும் ஏமாந்துவிடாதீர்கள். அச்சர்க்கரை சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும்.

சந்தாபுராவில் இருப்போர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். 1958-ல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி ஹெப்பாளத்தில், நகரின் வடகோடியில் இருக்கிறது. நமக்கும் அதற்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் சில்க் போர்டு சந்திப்பு வேறு! ஆதலின், குட்டி நலமாயிருக்கும்போதே அருகிலுள்ள மருத்துவர் யார், இரவில் எவர் இருப்பார் என்று விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வருமுன் காத்தல்

இரண்டு மாதம் நிறையாத குட்டியை விற்றல் ஆகாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் கூறுகின்றன. தாயிடமிருந்து காலத்திற்கு முன் பிரித்த குட்டிக்கே சர்க்கரை வீழ்ச்சியும் வயிற்றுக் கோளாறும் எளிதில் நேரும். எனவே, "முப்பது நாள் குட்டி, அழகாயிருக்கும்" என்று எவரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

தடுப்பூசி ஒன்று போட்டதும் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் குட்டியின் இரத்தத்தில் சில வாரம் நின்று, நோயைத் தடுப்பதோடு ஊசி மருந்தையும் செயலிழக்கச் செய்யும். அது எந்த வாரத்தில் தேயும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும்வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகின்றனர். அதுவரை குட்டியைத் தெருமண்ணில் விடாதிருத்தல் நன்று. பார்வோ கண்ட இடத்தில் வைரசு மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். கைக்குப் பூசும் சாராயக் கரைசலுக்கு அது மடியாது. தரையை முதலிற் கழுவிவிட்டு, வெளுப்புத் திரவம் ஒரு பங்கும் நீர் முப்பது பங்கும் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும்.

முடிவுரை

புட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஈறில் தேன் தடவி, ஆட்டோவில் ஏற்றி, நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவர் ஒருவரின் கதவைத் தட்டினேன். அவர் முதலில் இரத்தச் சர்க்கரையை அளந்தார். டெசிலிட்டருக்கு அறுபது மில்லிகிராமுக்குக் குறையாது இருக்க வேண்டியது, முப்பத்திரண்டுதான் இருந்தது. நாளத்தில் சர்க்கரை நீர் ஏறிய கால்மணி நேரத்தில் புட்டி தலையைத் தூக்கியது. பார்வோச் சோதனையில் நோய் இல்லை என்று வந்தது. மலத்தில் புழு முட்டைகள் இருந்தன. புழுவும் நான் ஊற்றிய பாலும் சேர்ந்து செய்த வேலை அந்த வாந்தி. "வாந்தி இதைக் கொல்லவில்லை தம்பி, பட்டினிதான் கொல்லப் பார்த்தது" என்றார் மருத்துவர்.

அக்கா திரும்பியதும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு புட்டியை மடியில் இருத்திக்கொண்டு, எத்தனை மணிக்கு ஒருமுறை சோறு வைக்க வேண்டும் என்று கேட்டு நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். நான்கு வேளை. அந்தத் தாள் இன்றும் அவர் சமையலறைச் சுவரில் இருக்கிறது. என் அறைச் சுவரிலும் ஒன்று இருக்கிறது. அதில் மருத்துவரின் தொலைபேசி எண்ணும், அதன் கீழே 'கடைசியாக எப்போது சாப்பிட்டது?' என்ற கேள்வியும் எழுதப்பட்டிருக்கின்றன.